காய்ச்சிக் குடி என்று சொல்லிவிட்டால் கடமை தீர்ந்ததா?

சென்ற மாதம் ஒரு மில் தொழிலாளர் குடியிருப்புக்குப் போயிருந்தோம். நான்கு வீடுகளில் வயிற்றுப்போக்கு. ஒரு வீட்டில் ஆறு வயதுக் குழந்தை மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து அன்றுதான் வீடு திரும்பியிருந்தது. தகப்பனார் நூற்புப் பிரிவில் இரவு ஷிப்ட். மூன்று நாள் லீவு, மூன்று நாள் கூலி போயிற்று.

அந்தத் தெருத் தாய்மார்கள் கெட்டிக்காரர்கள். விடியற்காலை குழாயில் தண்ணீர் வந்தவுடன் ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்திருந்தார்கள். அது பழுப்பு நிறம். கால் மணி கழித்து இன்னொரு பாட்டிலில் பிடித்திருந்தார்கள். அது பளிங்கு மாதிரி இருந்தது. இரண்டையும் எடுத்துக்கொண்டு அவர்களோடு அதிகாரியைப் பார்க்கப் போனோம்.

அவர் பாட்டிலைக் கையால் தொடவில்லை. "என்ன தோழர், இதற்கெல்லாம் கூட்டமா? தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லுங்கள். உங்கள் ஜனங்களுக்குச் சுத்தம் போதாது" என்றார்.

சுத்தம் போதாதாம்! காலை நாலு மணிக்கு எழுந்து, குடத்தைப் புளி போட்டுத் தேய்த்து, வரிசையில் நின்று, ஐந்தாறு குடம் தண்ணீருக்காக அக்கம்பக்கத்தில் சண்டையும் போட்டுவிட்டு, அதற்குப் பிறகு மில்லுக்கும் வயலுக்கும் ஓடுகிறவளுக்குச் சுத்தம் போதாது! ஏர்கண்டிஷன் அறையில் சீல் வைத்த பாட்டிலோடு உட்கார்ந்திருப்பவருக்கு அது போதும்!

இந்த வார்த்தையை நாம் எத்தனையோ ஆபீசுகளில் கேட்டாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் மனு கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். இந்த வாரம் அப்படி விடப்போவதில்லை. "காய்ச்சிக் குடி" என்பதை எடுத்து வைத்துக்கொண்டு, அது எதுவரை உண்மை, எந்த இடத்தில் பித்தலாட்டமாகிறது என்று பார்த்துவிடுவோம்.

காய்ச்சிக் குடிப்பது தப்பா? தப்பே இல்லை. காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலை, சீதபேதி ஆகியவற்றைக் கொண்டுவரும் கிருமிகள் கொதிக்கிற தண்ணீரில் செத்துப்போகும். தளதளவென்று ஒரு நிமிஷம் கொதிக்க வேண்டும். ஆவி வந்தவுடன் இறக்குவது காய்ச்சுவது ஆகாது. குழந்தை உள்ள வீட்டில், மழைக்காலத்தில், குழாய் கலங்கி வரும் நாளில் காய்ச்சியே ஆகவேண்டும். ஆறிய தண்ணீரை மூடி வைக்க வேண்டும். கையை விட்டு மொள்ளாமல் காம்பு நீண்ட கரண்டியால் எடுக்க வேண்டும். குழாயில் முதலில் வருவதைக் குடிக்கப் பிடிக்காமல் பாத்திரம் கழுவ வைத்துக்கொள்ள வேண்டும். இதை எல்லாத் தெருவிலும் நாமே சொல்கிறோம்.

ஆனால் கிருமி குழாய்க்குள் எப்படி வந்தது? நம் அடுப்பிலிருந்தா வந்தது?

குழாய் பூமிக்கடியில் போகிறது. பக்கத்திலேயே சாக்கடை போகிறது. பழைய குழாயில் இணைப்புக்கு இணைப்பு கசிவு. இரவும் பகலும் குழாயில் தண்ணீர் அழுத்தத்தோடு நின்றால், கசிகிற இடத்தில் நல்ல தண்ணீர் வெளியே போகுமே தவிர, சாக்கடை உள்ளே வராது. காலையில் இரண்டு மணி நேரம் விட்டு மூடிவிட்டால் குழாய் காலியாகிறது. அப்போது அதே ஓட்டை வழியாகச் சுற்றி நிற்கிற அழுக்கு உள்ளே இறங்குகிறது. மறுதடவை திறக்கும்போது முதலில் வருவது அந்த அழுக்குதான். தாய்மார்கள் பிடித்த முதல் பாட்டிலின் ரகசியம் இதுதான்! இரண்டாவது பாட்டில் தெளிவாயிருக்கிறதே என்று நம்பிவிடவும் முடியாது; கிருமி கண்ணுக்குத் தெரியாது.

இது போதாதென்று மோட்டார். பெரிய வீட்டுக்காரர்கள் முனிசிபாலிடி குழாயில் நேராக மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிறார்கள். மோட்டார் தண்ணீரை மட்டுமா உறிஞ்சும்? குழாயில் எங்கே ஓட்டையோ அங்கேயிருந்து சாக்கடையையும் சேர்த்து இழுக்கும். அவர் வீட்டில் வடிகட்டும் மெஷின் இருக்கிறது, தப்பித்துக்கொள்கிறார். அதே குழாயின் கோடியில் இருக்கிற காலனிக்குப் போவது இழுத்து வந்த மிச்சம். மோட்டார் வைப்பது சட்டவிரோதம். மோட்டார்களைப் பிடுங்கினார்கள் என்று எப்போதாவது செய்தி வருகிறது. மறு மாதம் மோட்டார் பழைய இடத்தில் ஓடுகிறது.

இதற்கெல்லாம் காவலாகத்தான் தண்ணீரில் குளோரின் கலக்கிறார்கள். கணக்கு கஷ்டமானதல்ல. ஓரளவு தெளிந்த தண்ணீர் ஆயிரம் லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் சுமார் 2.5 கிராம், கலந்தபின் அரைமணி நேரமாவது விடவேண்டும். தொட்டியில் கலந்தால் மட்டும் போதாது. வீட்டுக் குழாயில் வந்து விழும்போதும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மீதம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். அந்த மீதம்தான் வழியில் நுழைகிற கிருமியைக் கொல்கிற படை. தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற குழாயில் அது நிறைய இருக்கும். போகப் போகக் குறையும். கோடித் தெருவில் ஒன்றுமில்லாமலும் போகலாம். கோடித் தெருவில் இருப்பது யார் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

இந்த இடத்தில் நம் தப்பு ஒன்றையும் ஒப்புக்கொள்கிறோம். சில வருஷங்களுக்கு முன் ஒரு கிராமத்தில் "தண்ணீர் மருந்து நாற்றம் அடிக்கிறது" என்று ஜனங்கள் சொல்ல, நாமும் சேர்ந்துகொண்டு டேங்க் ஆப்பரேட்டரைச் சத்தம் போட்டோம். பாவம், அந்த மனிதர் பயந்துபோய் மருந்து போடுவதையே குறைத்துவிட்டார். லேசான குளோரின் வாடை அடித்தால் அது காவல் இருக்கிறது என்பதற்கு அடையாளம். அதைக் கண்டு கோபப்படக் கூடாது. சொற்ப சம்பளத்துக்கு ஏணி ஏறுகிற அந்தத் தொழிலாளி நமக்கு எதிரியுமல்ல. அவரிடம் மாதக்கணக்கில் ஈரத்தில் கிடந்த மூட்டையைக் கொடுக்கிறார்களே, அவர்களைக் கேட்க வேண்டும். பிளீச்சிங் பவுடர் காற்றும் வெயிலும் ஈரமும் பட்டால் வீரியம் போய் வெறும் சுண்ணாம்பாகிவிடும். ரிஜிஸ்தரில் மட்டும் "மருந்து போடப்பட்டது" என்று கையெழுத்து இருக்கும்!

காய்ச்சினாலும் போகாத விஷம்

இதுவரை சொன்னது உயிருள்ள அழுக்கு. உயிரில்லாத அழுக்கு ஒன்று இருக்கிறது. அதை எப்படிக் காய்ச்சிக் கொல்வது?

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துத் தோழர்களுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பாறைக்குள்ளிருந்து ஆழ்குழாய்க் கிணற்றில் வருகிற தண்ணீரில் ஃபுளோரைடு என்ற உப்பு கரைந்திருக்கிறது. நிறமில்லை, வாடையில்லை. குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறை விழுகிறது. வருஷக்கணக்கில் குடித்தவர்களுக்கு எலும்பு இறுகுகிறது. இடுப்பு வளையாது, முழங்கால் மடங்காது. நாற்று நட்டுப் பிழைக்கிறவளுக்கு இடுப்பு வளையாவிட்டால் அப்புறம் பிழைப்பு ஏது? இந்தத் தண்ணீரைக் காய்ச்சினால் தண்ணீர் ஆவியாகும். ஃபுளோரைடு அப்படியே பாத்திரத்தில் நிற்கும். மீதித் தண்ணீரில் அதன் அளவு கூடத்தான் செய்யும்.

சர்க்காரின் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபுளோரைடு வரை நல்லது. வேறு தண்ணீர் கிடைக்காவிட்டால் 1.5 வரை பொறுக்கலாம். நம் வாசகர்கள் இந்த 1.5-ஐ நன்றாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு தண்ணீர் குடிக்கிறவனுக்கு இந்தக் கணக்கு? பொதுவாக ஒரு மனிதன் நாளுக்கு இரண்டு லிட்டர் குடிக்கிறான் என்று வைத்துத்தான் குடிநீர்க் கணக்குகள் போடுகிறார்கள். இரண்டு லிட்டருக்கு 3 மில்லிகிராம். சித்திரை வெயிலில் கரும்பு வெட்டுகிறவன் இரண்டு லிட்டரோடு நிற்பானா? ஆறு லிட்டர் குடிக்கிறான் என்றால் அவன் உடம்புக்குள் போவது 9 மில்லிகிராம். அதே கிணறு, அதே தண்ணீர். நிழலில் உட்கார்ந்திருக்கும் பண்ணையாருக்கு ஒரு பங்கு, வெயிலில் வேகிற கூலிக்காரனுக்கு மூன்று பங்கு! உலக சுகாதார ஸ்தாபனமே, சீதோஷ்ணத்தையும் ஜனங்கள் குடிக்கிற அளவையும் பார்த்து ஒவ்வொரு நாடும் இந்த எல்லையை வைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் சொல்கிறது. ஆகவே "1.5-க்குள் இருக்கிறது, பயப்படாதீர்கள்" என்று எந்த அதிகாரியாவது சொன்னால், "எத்தனை லிட்டருக்கு ஐயா?" என்று கேளுங்கள்.

தர்மபுரி ஜனங்கள் இதை விதி என்று விட்டுவிடவில்லை. ஒகேனக்கல் காவிரித் தண்ணீரைக் கொண்டுவா என்று வருஷக்கணக்காகக் கேட்டார்கள். ஜப்பான் கடனுதவியோடு திட்டம் வந்து 2013-ல் திறக்கப்பட்டது. ஃபுளோரைடு உள்ள கிணற்றுக்கு மருந்து வேறு நல்ல தண்ணீர்தான் என்று சர்க்காரே ஒப்புக்கொண்டதற்கு இது சாட்சி. அங்கே யாரும் காய்ச்சிக் குடி என்று சொல்லிச் சமாளிக்க முடியவில்லை. இன்றும் காவிரித் தண்ணீர் வராத நாளில் ஆழ்குழாய்த் தண்ணீரையே தொட்டியில் ஏற்றினால் பழைய கதைதான் என்பதையும் மறக்கக் கூடாது.

உரம் அதிகமாகப் போடும் பூமியிலும், சாக்கடை ஊறும் ஊரிலும், கிணற்றில் நைட்ரேட் சேருகிறது. லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. புட்டிப்பால் கரைத்துக் கொடுக்கிற ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்கு இது எமன்; உடம்பு நீலம் பாரித்துவிடும். இதுவும் காய்ச்சினால் போகாது. பூச்சிமருந்து வந்த கேனையும் டிரம்மையும் கழுவிவிட்டுத் தண்ணீர் பிடிக்கிற பழக்கம் நம் கூலிக்காரர் வீடுகளில் இருக்கிறது. எத்தனை தடவை கழுவினாலும் விஷம் பிளாஸ்டிக்கில் ஊறிக் கிடக்கும். அதை உடனே விட்டுவிட வேண்டும். மிராசுதார்கள் காலி டிரம்மைக் கூலியாளுக்கு இனாம் கொடுப்பது போலக் கொடுக்கிறார்கள். நல்ல இனாம்!

மிஷினுக்கு நல்ல தண்ணீர், பிள்ளைக்கு?

"இதெல்லாம் ஏழை நாட்டு விவகாரம், பணம் இருந்தால் சரியாகிவிடும்" என்று சிலர் சொல்வதுண்டு. பணக்கார நாடுகளுக்கெல்லாம் தலைவன் என்கிற அமெரிக்காவுக்கே போவோம்.

அங்கே மிச்சிகன் ராஜ்யத்தில் ஃபிளிண்ட் என்று ஒரு ஊர். ஜெனரல் மோட்டார்ஸ் பிறந்த ஊர். 1936 டிசம்பர் கடைசியில் அந்த ஊர்த் தொழிலாளர்கள் பாக்டரிக்குள்ளேயே உட்கார்ந்து, குளிரிலும் போலீஸ் தாக்குதலிலும் அசையாமல், 44 நாள் போராடி, 1937 பிப்ரவரியில் யூனியனை அங்கீகரிக்க வைத்தார்கள். பின்னால் கம்பெனி பாக்டரிகளை ஒவ்வொன்றாக மூடியது. வேலை போயிற்று, ஜனத்தொகை பாதியானது, ஊர் கஜானா காலி. உடனே ராஜ்ய சர்க்கார் என்ன செய்தது? ஜனங்கள் தேர்ந்தெடுத்த நகரசபையின் அதிகாரத்தைப் பிடுங்கி ஒரு நிர்வாகியிடம் கொடுத்தது. அவருடைய வேலை செலவைக் குறைப்பது.

2014 ஏப்ரலில் செலவைக் குறைக்க டிட்ராயிட் தண்ணீரை நிறுத்தி, ஃபிளிண்ட் ஆற்றுத் தண்ணீரைக் குழாயில் விட்டார்கள். அந்த ஊரில் பல வீடுகளுக்குப் போகிற பழைய குழாய் காரீயக் குழாய். நம் வீட்டுப் பாத்திரத்துக்குப் பூசுகிற வெள்ளீயம் வேறு. இது காரீயம், விஷம். தண்ணீர் குழாயை அரிக்காமலிருக்க ஒரு மருந்து சேர்க்க வேண்டும். அதைச் சேர்க்கவில்லை. தண்ணீர் குழாயை அரித்தது. காரீயம் கரைந்து குடத்தில் இறங்கியது. காரீயம் குழந்தையின் மூளையைத் தாக்குகிறது. இவ்வளவு வரை பரவாயில்லை என்கிற அளவே குழந்தைக்குக் கிடையாது.

ஜனங்கள் பழுப்புத் தண்ணீரை ஜாடியில் எடுத்துக்கொண்டு கூட்டங்களுக்குப் போனார்கள். அந்த வருஷம் ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் கிருமி இருக்கிறது என்று அங்கேயும் உத்தரவு வந்தது: காய்ச்சிக் குடி! காரீயத் தண்ணீரைக் காய்ச்சினால் என்ன ஆகும் என்று இப்போது நம் வாசகர்களுக்கே தெரியும்.

அக்டோபரில் ஒரு சங்கதி நடந்தது. அந்தத் தண்ணீர் என்ஜின் பாகங்களைத் துருப்பிடிக்க வைக்கிறது என்று ஜெனரல் மோட்டார்ஸ் கண்டுபிடித்தது. கம்பெனி கேட்டது, பாக்டரிக்கு மட்டும் வேறு தண்ணீர் கிடைத்தது. இரும்பைத் தின்கிற தண்ணீர் குழந்தையின் குடலை என்ன செய்யும் என்று அந்த அதிகாரிகளில் ஒருவருக்குமா தோன்றவில்லை? ஊர் ஜனங்கள் மேலும் ஒரு வருஷம் அதே தண்ணீரைக் குடித்தார்கள். 2015 செப்டம்பரில் மோனா ஹன்னா அட்டீஷா என்ற குழந்தை மருத்துவர் ரத்தப் பரிசோதனைக் கணக்குகளை வைத்துக்கொண்டு வெளியே வந்தார். காரீயம் அதிகமுள்ள குழந்தைகளின் விகிதம் 2.4 சதவிகிதத்திலிருந்து 4.9 ஆகியிருந்தது. முதலில் அவர் கணக்கே தப்பு என்றார்கள் அதிகாரிகள். பிறகு வாயை மூடிக்கொண்டார்கள். அக்டோபரில் பழைய தண்ணீர் திரும்பியது. அதற்குள் அந்த ஊரில் பரவிய ஒரு கடுமையான நுரையீரல் காய்ச்சலில் பன்னிரண்டு பேர் செத்தது சர்க்கார் கணக்கிலேயே இருக்கிறது. பிறகு 60 கோடி டாலருக்கு மேல் நஷ்டஈடு என்று ஒப்பந்தம் ஆயிற்று. மருந்துச் செலவை மிச்சம் பிடித்த கெட்டிக்காரத்தனத்துக்கு வந்த பில் இது!

நம் ஊரில் காரீயக் குழாய் அதிகம் இல்லை என்று நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். பி.வி.சி. குழாய் செய்வதில் காரீய உப்பு சேர்ப்பது நீண்ட காலம் நம் நாட்டில் வழக்கமாக இருந்தது. அதைக் கட்டுப்படுத்த மத்திய சர்க்கார் 2021-ல்தான் விதி கொண்டுவந்தது. அதற்கு முன் பதித்த குழாய்கள் பூமிக்குள்தான் கிடக்கின்றன. பித்தளைக் குழாய்களிலும் கொஞ்சம் காரீயம் கலந்திருப்பதுண்டு. இரவெல்லாம் குழாய்க்குள் நின்ற தண்ணீரைக் காலையில் குடிக்கப் பிடிக்காதீர்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

திருப்பூர்ப் பக்கத்து அனுபவத்தை மில் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் சேர்ந்து யோசிக்க வேண்டும். சாயப்பட்டறைக் கழிவு நொய்யலில் விழுந்தது. ஒரத்துப்பாளையம் அணை சாயக்குளமாயிற்று. கரையோரக் கிணறுகள் உப்பேறி, தென்னை பட்டு, விவசாயக் கூலிக்கு வேலை போயிற்று. 2011 ஜனவரியில் சென்னை ஹைகோர்ட் பட்டறைகளை மூடச் சொன்னது. அப்போது சாயத் தொழிலாளிக்கு வேலை போயிற்று. கழிவைச் சுத்தம் செய்கிற செலவை மிச்சம் பிடித்தவன் மட்டும் இரண்டு தடவையும் லாபக் கணக்கோடு இருந்தான். "உன் பிழைப்பைக் கெடுப்பவன் அந்த ஊர்க்காரன்" என்று இரண்டு பேரையும் மோத விட்டதும் அவன்தான். பட்டறை நடக்க வேண்டும், கழிவு ஆற்றில் விழக் கூடாது; செலவு முதலாளி தலையில். இதில் நாம் வளைந்து கொடுக்க ஒன்றுமில்லை.

கடைசியாக இன்னொரு உபதேசம்: "கேன் தண்ணீர் வாங்கிக்கொள்ளுங்கள்." கேன் முப்பது ரூபாய் என்றே வையுங்கள். தினம் ஒன்று என்றால் மாதம் தொள்ளாயிரம். குழாய்க்கு வரியும் கட்டி, கேனுக்கு ரூபாயும் கட்டி, காய்ச்சுவதற்குக் காஸும் எரித்து, ஒரே தண்ணீருக்கு மூன்று விலை! கேனை எங்கே நிரப்பினான், அவன் தண்ணீரைச் சோதித்தது யார் என்று கேட்டால் பதில் இல்லை.

சோதனை என்ற வார்த்தைக்குத்தான் வருகிறோம். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை ஜில்லா வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட கொடுமையை நாடே அறியும். அதைக் கண்டுபிடித்தது எந்தச் சோதனைக் கூடம்? ஒன்றுமில்லை. குழந்தைகள் நோயில் விழுந்தார்கள். வைத்தியம் பார்த்தவர்கள் தண்ணீரைச் சந்தேகப்பட்டார்கள். ஊர் வாலிபர்கள் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். குழந்தைகளின் உடம்பே சோதனைக் கூடமாயிற்று!

சோதனைக் கூடங்கள் இல்லாமலில்லை. குடிநீர் வடிகால் வாரியத்துக்கு ஜில்லாவுக்கு ஜில்லா இருக்கின்றன. சொற்பக் கட்டணத்துக்குப் பொதுஜனங்களின் தண்ணீரையும் சோதித்துக் கொடுக்க வேண்டும். 2019-ல் ஆரம்பித்த ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, சோதனைப் பெட்டியும் கொடுப்பதாக எழுதியிருக்கிறது. உங்கள் ஊரில் அந்த ஐந்து பெண்கள் யார்? பெட்டி எங்கே பூட்டிக் கிடக்கிறது? அடுத்த கிராம சபையில் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்.

மாதிரியை எந்த இடத்தில் எடுக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். தொட்டிக்கு அடியில் எடுத்தால் எல்லாம் நன்றாகத்தான் வரும். கோடித் தெருவின் கடைசிக் குழாயில், தெருக்காரர்கள் எதிரில் எடுக்க வேண்டும். உப்பு, ஃபுளோரைடு, நைட்ரேட் சோதனைக்குச் சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று தடவை அலசிப் பிடித்தால் போதும். கிருமிச் சோதனைக்கு நம் பாட்டில் உதவாது. கூடத்திலிருந்து கிருமி நீக்கிய பாட்டில் வாங்கி, வாயைக் கையால் தொடாமல் பிடித்து, ஐஸில் வைத்து, ஒரு நாளைக்குள் சேர்க்க வேண்டும். 100 மில்லி லிட்டரில் ஈ.கோலை என்ற மலக்கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது விதி. முடிவை ரேஷன் கடை வாசலில் தமிழில் எழுதி ஒட்டச் சொல்ல வேண்டும்.

நாம் போன அந்தக் குடியிருப்பில் தாய்மார்கள் ஆபீஸிலிருந்து நேராக வீட்டுக்குத் திரும்பவில்லை. சங்கத்தில் உட்கார்ந்து ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டார்கள். மறுநாள் மூன்று இடத்தில் மாதிரி எடுத்தோம்: தொட்டியடியில் ஒன்று, நடுத்தெருவில் ஒன்று, கோடிக் குழாயில் ஒன்று. நேரத்தையும் இடத்தையும் எழுதி, ஐந்து பேர் கையெழுத்துப் போட்டு, சோதனைக் கூடத்தில் கொடுத்து ரசீது வாங்கியிருக்கிறோம். முடிவு இன்னும் வரவில்லை. வந்ததும் மூன்று இடத்து எண்களையும் அப்படியே இந்தப் பக்கத்தில் போடுகிறோம். ஒரு பிரதியை அந்த அதிகாரியின் மேஜைக்கும் கொண்டுபோவோம். தாய்மார்களும் கூட வருகிறார்கள்.